ஆவணமில்லா உழைப்பு: மலேசியா தரும் பாடம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சபர் செய்யாத குடும்பம் என்று ஒன்றை நமது ஊரில் காண்பது அரிது. நம் பாட்டனார்கள் பினாங்குக்குக் கப்பலேறினார்கள். அவர்களின் பேரர்கள் இன்று விமானமேறுகிறார்கள். சபராளி அனுப்பும் பணத்தில் வீடு எழுந்தது, தங்கைக்குத் திருமணம் நடந்தது, தம்பி படித்தான் என்பதையெல்லாம் நாம் நன்கறிவோம். ஆனால் அவர் சென்று உழைக்கும் நாட்டில் அந்த உழைப்பு என்ன விளைவை உண்டாக்குகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. குறிப்பாக, உரிய அனுமதியின்றி உழைப்போரால் அந்த நாட்டின் பொருளாதாரம் பெறுவது என்ன, இழப்பது என்ன என்பதைப் பற்றிச் சில செய்திகளைக் கூறும்படி செயலாளர் அவர்கள் பணித்தார்கள். கோலாலம்பூரில் ஓர் உணவகத்தில் பதினான்கு ஆண்டுகள் கணக்கெழுதியவன் என்ற முறையில், நான் அறிந்த மலேசியாவையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

வெற்றிடம் உண்டான வரலாறு

இந்தக் கதையின் தொடக்கத்தில் இருப்பவர்கள் தமிழர்கள். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் கங்காணிகள் அழைத்துச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களால் உருவானவை. நாடு விடுதலை பெற்ற பிறகும் அவர்களில் பலர் குடியுரிமை பெறாமலே பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தனர். குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்று 1968இல் சட்டம் வந்தது. 1969ஆம் ஆண்டு மே மாதக் கலவரத்திற்குப் பிறகு அச்சட்டம் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. சுமார் 60,000 இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் அந்நாட்டை விட்டு வெளியேறினர். பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டு, பார்த்தறியாத தமிழகத்திற்குக் கப்பலேறியவர்களும் அவர்களுள் உண்டு.

ஆட்கள் போனார்கள். மரங்களும் வேலையும் அங்கேயே இருந்தன. 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கையின் விளைவாகக் கிராமத்து இளைஞர்கள் நகரத்துத் தொழிற்சாலைகளுக்கும் அரசுப் பணிகளுக்கும் சென்றனர். ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை பெருகியது. குலை அறுக்க ஆளில்லை. அப்போது மலாக்கா நீரிணையை இரவோடிரவாகப் படகில் கடந்து வந்தவர்கள் இந்தோனேசியத் தொழிலாளர்கள். அவர்களிடம் ஆவணமில்லை. தோட்டத்துக் குத்தகைக்காரரும் அதைக் கேட்கவில்லை. 1984இல் மேடான் நகரில் இரு நாடுகளும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்ட பின்னரும் படகுப் பாதை மூடப்படவில்லை. ஒப்பந்த வழி நெடியதாகவும் செலவு மிக்கதாகவும் இருந்தது. படகு வழியோ ஓரிரவில் முடிந்தது.

ஆவணமுள்ள ஒருவரை வெளியேற்றிய இடத்தில் ஆவணமில்லாத ஒருவர் வந்து அமர்ந்தார். சட்டம் ஆளை மாற்றியதேயன்றி, தேவையை மாற்றவில்லை. பின்னர் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல்.

நாடு பெற்ற நன்மை

வெளிநாட்டுத் தொழிலாளர்களால் மலேசியா நட்டமடைந்ததா? உலக வங்கி இதை விரிவாக ஆராய்ந்தது. 2013ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் பதிவு பெற்ற வெளிநாட்டுத் தொழிலாளர் சுமார் 21 லட்சம் பேர் இருந்தனர். பதிவு பெறாதோர் 10 லட்சத்துக்கும் மேல் இருக்கக்கூடும் என்று மதிப்பிடப்பட்டது. அதிகத் திறன் தேவைப்படாத வேலைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர் எண்ணிக்கை 10 விழுக்காடு உயர்ந்தால், நாட்டின் மொத்த உற்பத்தி 1.1 விழுக்காடு உயர்கிறது என்று 2015 டிசம்பரில் வெளியான அறிக்கை கூறியது. ஒரு மாநிலத்தில் ஒரு துறைக்குப் பத்து வெளிநாட்டார் வந்தால், அதே இடத்தில் மலேசியர் ஐவருக்குக் கூடுதலாக வேலை கிடைக்கிறது என்றும் அது கணக்கிட்டது.

இது எப்படி என்று சிலர் வியக்கலாம். ஒரு செம்பனைத் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். குலை அறுக்க ஆள் கிடைத்தால்தான் தோட்டம் விரிவடையும். விரிவடைந்தால் மேற்பார்வையாளர், எழுத்தர், லாரி ஓட்டுநர், ஆலை இயக்குபவர் ஆகியோர் தேவைப்படுவர். அந்த இடங்களில் உள்நாட்டார் அமர்கின்றனர். வெளிநாட்டார் வந்து நம் வேலையைப் பறித்துவிட்டார் என்ற பொதுவான குற்றச்சாட்டு முழு உண்மையன்று என்பதற்கு இது சான்று.

நட்டம் யாருக்கு?

ஆனால் நன்மை எல்லோர் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. வெளிநாட்டார் வருகை 10 விழுக்காடு கூடினால் மலேசியரின் சராசரி ஊதியம் 0.14 விழுக்காடு மட்டுமே உயர்கிறது. மிகக் குறைந்த கல்வி பெற்ற மலேசியரின் ஊதியமோ 0.74 விழுக்காடு குறைகிறது. 2010ஆம் ஆண்டில் அத்தகையோர் உள்நாட்டு உழைப்பாளரில் 14 விழுக்காட்டினர். ஏற்கெனவே அங்கு வேலை செய்துகொண்டிருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளரின் ஊதியம் 3.94 விழுக்காடு குறைகிறது. புதிதாக வருபவரால் பெரிதும் பாதிக்கப்படுபவர் அவருக்கு முன் வந்த அவருடைய சகோதரரே!

அந்த 14 விழுக்காட்டினருள் தோட்டத்திலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு. 1954இல் அமைக்கப்பட்ட தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் போராடியும் பேசியும் பெற்றுத் தந்த உரிமைகள், குத்தகை முறையில் ஆவணமில்லாத ஆள் கிடைக்கத் தொடங்கியதும் வலுவிழந்தன. ஊதிய உயர்வு கேட்பவரிடம், 'உனக்குப் பதில் வெளியே நான்கு பேர் நிற்கிறார்கள்' என்று குத்தகைக்காரர் சொல்ல முடிந்தது. அந்த நான்கு பேரும் காவலர்களைக் கண்டால் ஓடி ஒளிய வேண்டியவர்கள். சங்கத்தில் சேரவோ, தொழிலாளர் அலுவலகத்தில் முறையிடவோ அவர்களால் இயலாது. பயந்தவனின் கூலி, பயமில்லாதவனின் கூலியையும் கீழே இழுத்துவிடுகிறது. ஆவணமின்மையின் பொருளாதாரத்தை ஒரே வரியில் கூறச் சொன்னால், நான் இதையே கூறுவேன்.

அடுத்து, அரசின் இழப்பு. முறைப்படி வரும் ஒவ்வொரு வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் ஆண்டுதோறும் லெவி என்னும் தீர்வை செலுத்தப்படுகிறது. 2016இல் தொழிற்சாலை, கட்டுமானம், சேவைத் துறைகளுக்கு இது 1,850 ரிங்கிட்டாகவும், தோட்டத் துறைக்கு 640 ரிங்கிட்டாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ஆவணமற்றவருக்கு இத்தீர்வை இல்லை. பத்து லட்சம் பேர் என்று வைத்துக்கொண்டால், குறைந்த விகிதத்தில் ஆண்டுக்கு 64 கோடி ரிங்கிட். கூடிய விகிதத்தில் 185 கோடி ரிங்கிட். உண்மை இழப்பு இவ்விரண்டுக்கும் இடையே எங்கோ இருக்கும். இதற்கு மேல் தேடுதல் வேட்டை, தடுப்பு முகாம், திருப்பி அனுப்பும் பயணம் ஆகியவற்றின் செலவு வேறு.

தீர்வையை ஒழுங்காகச் செலுத்தும் முதலாளியின் நிலையையும் எண்ணுங்கள். அவர் தீர்வை கட்டுகிறார், காப்பீடு எடுக்கிறார், குறைந்தபட்ச ஊதியம் தருகிறார். எதிர்க்கடைக்காரர் இவற்றில் ஒன்றையும் செய்வதில்லை. இருவர் கடையிலும் ரொட்டிச்சானாய் ஒரே விலை. யாருடைய கடை நிலைக்கும்? நேர்மையாளரைத் தண்டிக்கும் சந்தையாக அது மாறிவிடுகிறது.

ஒரு தொற்றுநோய் காட்டிய உண்மை

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதியை நம்மில் பலரும் அறிவர். நம்மவர் கடைகள் நிறைந்த இடம். 2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் அங்குள்ள சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் ஆகிய அடுக்ககங்கள் முழுமையாகத் தனிமைப்படுத்தப்பட்டன. பரிசோதனைக்கு வாருங்கள், ஆவணம் பற்றி அஞ்ச வேண்டாம் என்று அரசுத் தரப்பில் முதலில் உறுதி கூறப்பட்டது. ஆனால் மே 1ஆம் நாள் அப்பகுதியில் குடிநுழைவுத் துறையினர் சோதனை நடத்தி நூற்றுக்கணக்கானோரைப் பிடித்துச் சென்றனர். அதே மாதத்திலேயே புக்கிட் ஜாலில், செமினி, சிப்பாங் ஆகிய இடங்களின் தடுப்பு முகாம்களில் தொற்று பரவியது.

அஞ்சியவர் பரிசோதனைக்கு வரமாட்டார். அவர் வராவிட்டால் நோய் அவரோடு நிற்காது. இவ்வுண்மையை உணர்ந்த அரசு, 2021 பிப்ரவரியில், ஆவணமற்றோருக்கும் தடுப்பூசி இலவசம், அதற்காக வருவோர் கைது செய்யப்படமாட்டார் என்று அறிவித்தது. ஒரு நாட்டின் சுகாதாரச் செலவு, அந்நாட்டில் மறைந்து வாழ்வோரின் அச்சத்தோடும் பிணைந்தது என்பதை அந்த ஆண்டு எல்லோருக்கும் காட்டியது.

துரத்தியபோது நேர்ந்தவை

அப்படியானால் அனைவரையும் வெளியேற்றிவிட்டால் நட்டம் தீருமா? மலேசியா இதையும் செய்து பார்த்தது.

2002 ஆகஸ்டு 1ஆம் நாள் புதிய குடிநுழைவுச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. சட்டவிரோதமாக நுழைந்தவருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, ஆறு வரை பிரம்படி. ஐந்து பேருக்கு மேல் ஆவணமற்றோரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிக்கும் சிறையும் பிரம்படியும் உண்டு என்றது சட்டம். அதற்கு முந்தைய பொதுமன்னிப்புக் காலத்தில் லட்சக்கணக்கானோர் வெளியேறினர். சபாவின் எல்லைக்கு அப்பால் உள்ள நுனுக்கான் என்னும் சிறு ஊரில் பல்லாயிரவர் தங்க இடமின்றித் தவித்தனர். நோயுற்று இறந்தோரும் உண்டு. இப்பக்கம் கட்டட வேலைத்தளங்களில் ஆளில்லை. சில வாரங்களிலேயே விதிகளைத் தளர்த்த நேர்ந்தது.

2004 அக்டோபர் இறுதியில் மீண்டும் பொதுமன்னிப்பு. சுனாமிப் பேரழிவின் காரணமாக அது 2005 பிப்ரவரி இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. மார்ச் 1ஆம் நாள் தேடுதல் வேட்டை தொடங்கியது. அந்த மாதங்களை நான் நேரில் கண்டவன். எங்கள் தெருவில் இரவு முழுதும் திறந்திருந்த கடைகள் பத்து மணிக்கே அடைக்கப்பட்டன. மங்கு கழுவ ஆளின்றி முதலாளியே கழுவினார். தோட்டங்களில் குலைகள் மரத்தடியிலேயே அழுகுகின்றன என்று நாளேடுகள் எழுதின. வெளியேறியவர்களையே மீண்டும் வரவழைப்பதற்கு வழி தேட வேண்டியதாயிற்று.

கொரோனாக் காலத்தில் புதிய வருகை நின்றபோது இதே பாடம் மறுபடியும் கிடைத்தது. 2022இல் செம்பனைத் தோட்டங்களுக்கு மட்டும் சுமார் 1,20,000 தொழிலாளர் குறைவு என்று செய்திகள் வந்தன. உலகச் சந்தையில் பாமாயில் விலை உச்சத்தில் இருந்த காலம் அது. காய்த்த மரத்தை அறுக்க ஆளின்றி அந்த விலையின் முழுப் பயனை நாடு அடைய முடியவில்லை.

மலிவான ஆள் எப்போதும் கிடைத்ததாலேயே இயந்திரமயமாதல் பின்தங்கியது என்று கூறும் பொருளாதார அறிஞர்களும் உள்ளனர். அதிலும் உண்மையுண்டு. உயரமான மரத்தில் குலையறுக்க இன்றும் நீண்ட கழியின் நுனியில் கட்டிய அரிவாளே பெரும்பாலும் பயன்படுகிறது. ஆனால் அதைச் சரிசெய்ய ஆண்டுகள் பல வேண்டும். ஒரு பொழுதில் ஆட்களைத் துரத்துவதால் இயந்திரம் முளைத்துவிடாது.

லாபம் எங்கே போகிறது?

இப்போது என் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறேன்.

2005ஆம் ஆண்டு எங்கள் உணவகத்தின் பின்கட்டில் ஓர் இளைஞன் வேலை செய்தான். நமது மாவட்டத்துப் பிள்ளை. சுற்றுலா விசாவில் அழைத்து வந்த தரகர், வந்ததும் பெர்மிட் எடுத்துத் தருவதாகக் கூறி எண்பதாயிரம் ரூபாய் வாங்கியிருந்தார். தாயின் நகை அடகில் இருந்தது. முறையான பெர்மிட்டில் இருந்த உதவியாளருக்கு மாதம் 800 ரிங்கிட். அவனுக்கு 500. இரண்டையும் கணக்கேட்டில் எழுதியவன் நான்தான். அவன் பெயரை மட்டும் ஏட்டில் எழுதக்கூடாது என்பது உத்தரவு. 'இதர செலவு' என்ற தலைப்பில் எழுதுவேன்.

சோதனை தொடங்கியதும் அவனை இரவோடிரவாகப் போகச் சொன்னார்கள். மூன்று மாதச் சம்பளம் பாக்கி. 'பிறகு அனுப்புகிறோம்' என்றார்கள். அனுப்பவில்லை. அவனால் எந்த அலுவலகத்திலும் முறையிட முடியாது. நான் கேட்டிருக்கலாம். என் வேலை போய்விடும் என்று அஞ்சிக் கேட்காமல் இருந்துவிட்டேன். உழைத்தவனின் கூலியைத் தாமதமின்றிக் கொடுப்பதை நம் மார்க்கம் எத்துணை வலியுறுத்துகிறது என்பதை அறிந்தவர்கள் நாம். கடை முதலாளியும் அறிந்தவரே.

மாதம் 300 ரிங்கிட் வித்தியாசம். மூன்று மாதக் கூலி 1,500 ரிங்கிட். எண்பதாயிரம் ரூபாய்த் தரகு. அந்தப் பணம் மலேசிய அரசுக்குப் போகவில்லை. அங்குள்ள ஏழைத் தொழிலாளிக்கும் போகவில்லை. அந்தப் பிள்ளையின் வீட்டிற்கும் வரவில்லை. 2011இல் அரசு நடத்திய பதிவில் சுமார் 13 லட்சம் பேர் ஆவணமற்றோர் என்று முன்வந்து பதிந்தனர். 2016 முதல் 2018 வரை நடந்த திட்டத்தில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தனர். இரண்டின்போதும் பெர்மிட் வாங்கித் தருவதாகக் கூறிப் பணம் பறித்த இடைத்தரகர்களைப் பற்றிய புகார்கள் குவிந்தன. ஆவணம் கிடைக்காத இடத்தில், ஆவணம் என்ற ஆசையே விற்பனைச் சரக்காகிவிடுகிறது.

மற்றொன்றையும் மறவாதீர்கள். முறைப்படி சென்றவரும் ஆவணமற்றவராக ஆக்கப்படலாம். மலேசியப் பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. முதலாளி புதுப்பிக்காவிட்டாலோ, கொடுமை தாளாமல் தொழிலாளி வேறிடம் சென்றாலோ அவர் சட்டவிரோதி. 2023 டிசம்பரில் ஜொகூர் மாநிலம் பெங்கெராங்கில், பெர்மிட்டோடு வந்தும் வேலை தரப்படாத வங்கதேசத்தார் 171 பேர் புகார் கொடுக்கக் காவல் நிலையம் நோக்கி நடந்தனர். நடந்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள். எல்லை தாண்டி வந்ததால் மட்டும் ஒருவர் ஆவணமற்றவர் ஆவதில்லை. அலுவலகத்திலும் முதலாளியின் மேசையிலும்கூட அவர்கள் உருவாக்கப்படுகிறார்கள்.

நாம் செய்ய வேண்டுவன

சகோதரர்களே! இவற்றைத் தொகுத்துப் பார்த்தால் தெளிவாவது இதுதான். உழைக்க வந்தவரால் நாடு வளர்கிறது. அவர் மறைந்து வாழ வேண்டியிருப்பதால், வளர்ச்சியின் பங்கு தரகருக்கும் நேர்மையற்ற முதலாளிக்கும் போகிறது. செலவோ அரசின் கணக்கிலும், அந்நாட்டு ஏழையின் கூலியிலும், முன்பே வந்தவரின் கூலியிலும் எழுதப்படுகிறது. மலேசியா எப்படிச் சட்டமியற்ற வேண்டும் என்று கூறும் இடத்தில் நாம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் நம் பிள்ளைகளின் பெயர் 'இதர செலவு' என்று எழுதப்படாமல் காப்பது நம் கையில் உள்ளது.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இன்றி மலேசியா செல்ல அந்நாடு அனுமதித்தது. சுற்றிப் பார்க்கத் தரப்பட்ட அந்தச் சலுகையை வேலை வாய்ப்பு என்று காட்டி விற்கும் தரகர்கள் நம் பகுதிக்கும் வருகிறார்கள். விமானச் சீட்டு மட்டும் போதும் என்பார்கள். நம்பாதீர்கள். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற முகவர் மட்டுமே ஆள் அனுப்பலாம். அவர் பெயர் உண்டா என்பதை இ-மைகிரேட் இணையதளத்தில் பார்க்கலாம். சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் கேட்கலாம். முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்திற்கு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் என்று வரம்பு உள்ளது. லட்சங்கள் கேட்பவர் யார் என்பதை இதிலிருந்தே உணர்ந்துகொள்ளுங்கள். சுற்றுலாவாகச் சென்று வேலை செய்பவருக்கு இந்தப் பாதுகாப்புகளில் ஒன்றுகூட இல்லை.

ஜமாஅத்திடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, வெளிநாடு செல்லும் இளைஞரின் ஒப்பந்தத்தையும் முகவரின் பதிவு எண்ணையும் பார்த்துச் சொல்ல, திரும்பி வந்த சபராளிகள் இருவரையோ மூவரையோ அலுவலகத்தில் வாரம் ஒரு மாலை அமர்த்துங்கள். இரண்டாவது, அங்கு ஆவணமின்றித் தவிக்கும் நம் பிள்ளைகள் இருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் குடும்பத்தார் ஜமாஅத்திற்குத் தெரிவிக்கட்டும். 2024இல் 300 முதல் 500 ரிங்கிட் வரை தண்டத்தொகை செலுத்தி, வழக்கின்றி நாடு திரும்பும் வாய்ப்பை மலேசியா அளித்தது. அத்தகைய அறிவிப்பு வரும்போது காலத்தோடு செய்தி போய்ச் சேர வேண்டும். மூன்றாவது வேண்டுகோள், வெளிநாட்டில் கடை நடத்தும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு. உங்கள் கடையின் பின்கட்டில் நிற்பவனின் பெயரை ஏட்டில் எழுதுங்கள். அவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் எழுதுங்கள்.

அந்த இளைஞன் பின்னர் ஊர் திரும்பினான் என்று கேள்விப்பட்டேன். நகை மீண்டதா என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. இன்று உங்கள் முன் இதைச் சொன்னது, அன்று அவனுக்காகச் சொல்லத் தவறியதற்கு ஓரளவேனும் ஈடாகட்டும் என்ற எண்ணத்தில்தான்.